விமானம் ஏறும் முன் ஒரு பகல்: ஈப்போவில் இருந்து பீடோர் வரை

ஈப்போவில் இருந்து சிப்பாங்கில் இருக்கும் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் ஏறத்தாழ 260 கிலோமீட்டர். சாலை கைகொடுத்தால் மூன்றரை மணி நேரம். சென்னைக்கோ திருச்சிக்கோ இரவு பத்து மணிக்கு விமானம் என்றால் ஏழு மணிக்கே பெட்டியோடு வரிசையில் நிற்க வேண்டும். பேராக் சுற்றுலாவின் கடைசி நாளை இந்தக் கணக்குதான் ஆள்கிறது. பலரும் அன்று முழுக்க ஈப்போ பழைய நகரத்திலேயே சுற்றிவிட்டு, மாலையில் அலறியடித்துக்கொண்டு ரயிலையோ பேருந்தையோ பிடிக்கிறார்கள். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. காலை பத்தரை வரை நகரம், பிறகு பத்து காஜா, கோப்பேங், கம்பார், தாப்பா வழியாகப் பழைய நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கி, பீடோரில் சாப்பிட்டுவிட்டு வடக்கு தெற்கு விரைவுச்சாலையில் ஏறுவது. ஊர் பார்த்த மாதிரியும் ஆகும், சிப்பாங்கை நோக்கி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தூரமும் குறைந்திருக்கும். தமிழர்களுக்கு இந்த வழியில் பார்க்க இருப்பது பழைய நகரத்தில் இருப்பதைவிட அதிகம்.

அந்த நாளை ரயில் நிலையத்தில் தொடங்குவதே முறை. வெள்ளை மாடங்களும் குவிமாடமும் நீண்ட தாழ்வாரமுமாக நிற்கும் இந்தக் கட்டடத்தை ஊர்க்காரர்கள் ‘ஈப்போவின் தாஜ்மகால்’ என்பார்கள். 1917-இல் கட்டி முடிந்தது. வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக். கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையமும் ஜாமெக் பள்ளிவாசலும், கோலகங்சாரின் உபுதியா பள்ளிவாசலும் அவர் கைவண்ணமே. சென்னை உயர் நீதிமன்றத்தின் கோபுரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த நிலையம் தூரத்து உறவாகத் தெரியும். இந்திய மண்ணில் முகலாயக் குவிமாடத்தையும் ஐரோப்பிய அலுவலகத்தையும் ஒட்டவைத்த அதே இந்தோ சரசனிக் பாணிதான் கடல் தாண்டி இங்கே வந்திருக்கிறது. பாணி மட்டும் வரவில்லை. தண்டவாளம் போட்டவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். நிலைய அதிபர், எழுத்தர் (கிராணி) வேலைகளில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் நிறைந்திருந்தார்கள்.

நிலையத்துக்கு எதிரே உள்ள பூங்காவில் ஒரு ஈப்போ மரம் நிற்கிறது. ஊருக்குப் பெயர் கொடுத்த மரம். ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் ஊதுகுழல் அம்பின் நுனியில் தடவும் நஞ்சு இதன் பாலில் இருந்து வருவது. இதே மரம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. அங்கே அதன் பட்டையை முழுதாக உரித்துச் சாக்குப் பையும் உடுப்பும் செய்தார்கள். ஒரே மரம், ஒரு கரையில் அம்புக்கு, மறு கரையில் அரிசிக்கு.

நிலையத்தில் இருந்து நடக்கிற தூரத்தில் பர்ச் மணிக்கூண்டு. பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச் 1875 நவம்பர் 2-இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அவர் நினைவாக 1909-இல் எழுப்பியது இது. மணிக்கூண்டின் சுவர்களில் உலக நாகரிகங்களைச் சித்திரிக்கும் 44 உருவங்கள் இருக்கின்றன. அவற்றைவிடப் பார்க்க வேண்டியது பக்கத்துத் தெருப் பலகை. கொலையில் பங்குகொண்டதற்காகத் தூக்கிலிடப்பட்ட டத்தோ சாகோர், டத்தோ மகாராஜா லேலா ஆகிய இருவரின் பெயர்களையும் சுதந்திர மலாயா இந்த வட்டாரச் சாலைகளுக்கே சூட்டிவிட்டது. கூண்டை இடிக்கவில்லை, முகவரியை மாற்றியிருக்கிறார்கள்.

மணிக்கூண்டைச் சுற்றி நிற்கும் வங்கிக் கட்டடங்களும் வணிக மாளிகைகளும் ஈயப் பணம். கிந்தா பள்ளத்தாக்கில் 1880களில் ஈயம் பெருகியபோது சீனத் தொழிலாளர்கள், பெரும்பாலும் ஹக்கா மக்கள், ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். 1890களில் தெலுக் ஆன்சன் துறைமுகத்தில் இருந்து ரயில் வந்தது. 1892-இல் ஊரின் பெரும்பகுதியைத் தீ விழுங்கியது. அதன் பிறகு எழுந்த செங்கல் கடைவீடுகளின் ஊர்தான் இன்று பார்ப்பது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் ஈயத்தில் கணிசமான பங்கு இந்தப் பள்ளத்தாக்கில் இருந்துதான் போயிற்று. தைப்பிங்கில் இருந்த மாநிலத் தலைநகர் 1937-இல் இங்கே மாறியதும் அந்தச் செல்வாக்கால்தான். 1988-இல் மாநகர் தகுதி கிடைத்தபோது ஈயமோ சரிந்து முடிந்திருந்தது.

‘கன்குபைன் லேன்’ என்று சுற்றுலா ஏடுகள் கொண்டாடும் சந்தைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளலாம். பழைய கடைவீடுகள் அழகுதான்; ஆனால் இப்போது அங்கே விற்கும் பொம்மையும் ஐஸ்கிரீமும் எந்த ஊரிலும் கிடைக்கும். லித்துவேனிய ஓவியர் எர்னெஸ்ட் சக்காரெவிச் 2014-இல் வரைந்த சுவரோவியங்கள் அங்கங்கே சந்து முனைகளில் எதிர்ப்படும். தேடிப்போக வேண்டியதில்லை, நடக்கும் வழியில் பார்த்தால் போதும்.

காப்பிக்கு மட்டும் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஈப்போ ‘வெள்ளைக் காப்பி’யின் பெயரில் இருக்கும் வெள்ளை, பாலைக் குறிப்பதில்லை. மலேசியாவின் வழக்கமான கோப்பிக்குக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் போட்டுக் கரிக்கட்டைபோல் கறுக்க வறுப்பார்கள். ஈப்போவில் சீனியை விட்டுவிட்டு மார்ஜரின் மட்டும் போட்டு வறுக்கிறார்கள். கொட்டை அவ்வளவு கறுக்காது. வறுவலின் அந்த வெளிறிய நிறம்தான் பெயராயிற்று. துணிப்பையில் வடித்த டிக்காஷன், அடியில் கெட்டியான டின்பால், மேலே நுரை. கரண்டியால் கலக்குவதற்கு முன் ஒரு வாய் குடித்துப் பார்த்தால் கும்பகோணம் டிகிரி காப்பிக்காரருக்கு முகம் சுளிக்கும், கலக்கியபின் இன்னொன்று சொல்லுவார்.

பழைய நகரத்தின் தெற்கே லகாட் சாலையைச் சுற்றிய பகுதி ஈப்போவின் குட்டி இந்தியா. பூக்கடை, புடவைக்கடை, மளிகைக்கடை. ஈயமும் ரப்பரும் பெருகிய காலத்தில் மலாயாவில் கடன் வாங்க வங்கிக்குப் போனவர்கள் சிலர். செட்டியார்களின் கிட்டங்கிக்குப் போனவர்கள் பலர். நீண்ட கூடத்தில் ஆளுக்கொரு கைப்பெட்டியும் சாய்வு மேசையுமாகத் தரையில் அமர்ந்து கணக்கெழுதிய அந்தத் தொழில், தவுக்கே எனப்படும் சீனச் சுரங்க முதலாளிக்கும் சிறு தோட்டக்காரருக்கும் மூலதனம் தந்தது. 1930களின் விலைச் சரிவில் அடமானம் மூழ்கிப் பல தோட்டங்கள் செட்டியார்கள் கைக்கு வந்தன. அந்த வரவுசெலவின் மிச்சம் இன்று முருகன் கோயில்களாகத்தான் கண்ணில் படுகிறது.

ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் புந்தோங். நாட்டிலேயே இந்தியர்கள் செறிந்து வாழும் இடங்களில் ஒன்று. வீட்டுக்கு வாங்கிப்போக வேண்டிய பலகாரம் இங்கேதான் இருக்கிறது: கச்சாங் பூத்தே. மலாயில் ‘வெள்ளைக் கடலை’ என்று பொருள். தமிழ்நாட்டில் இருந்து வந்த குடும்பங்கள் கொண்டைக்கடலையை அவித்தும் வறுத்தும் தலைச்சுமையாக விற்ற வியாபாரம் அது. சினிமா கொட்டகை வாசலில் காகிதக் கூம்பில் மடித்துக் கொடுத்த காலம் போய், புந்தோங்கில் கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. முறுக்கு, ஓமப்பொடி, பக்கோடா, மசாலாக் கடலை, பட்டாணி, மரவள்ளி வறுவல். கடைக்குள் நுழைந்ததும் எண்ணெயும் பெருங்காயமும் மூக்கில் ஏறும். கண்ணாடிப் புட்டிகளிலும் பிளாஸ்டிக் மூட்டைகளிலும் அடுக்கியிருப்பதைக் கையளவு எடுத்துச் சுவைத்துப் பார்த்து எடை போட்டு வாங்கலாம். விலாசம் சொல்லாமலே தெரிந்துவிடும் ஒரு வேறுபாடு உண்டு: இங்கே காரத்தோடு நெத்திலிக் கருவாடும் கறிவேப்பிலையும் ஒரே பொட்டலத்தில் கலந்திருக்கும். தமிழ்நாட்டு முறுக்குக்கு மலாய்க் கடலோரம் கொடுத்த சீர் அது.

புந்தோங் மாரியம்மன் கோயிலில் புறப்படும் தைப்பூச ஊர்வலம் குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்தில் முடியும். செங்குத்தான சுண்ணாம்புக் குன்றின் அடியில் ஒட்டி நிற்கிறது ஆலயம். ஈப்போவைச் சுற்றி இப்படிப்பட்ட குன்றுகள் நிறைய. அவற்றின் குகைகளில்தான் சாம் போ தோங், பேராக் தோங் போன்ற சீனக் கோயில்களும் இருக்கின்றன. குன்று அழகு, ஆபத்தும்கூட. 1973 அக்டோபரில் குனோங் சீரோவில் பெரும்பாறை சரிந்து, கீழே இருந்த நீள்வீட்டில் குடியிருந்தவர்களில் சுமார் 40 பேர் மாண்டார்கள். கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால் பாறை முகத்தில் வெளிறிய தழும்புகள் தெரியும்.

நகரத்தை விட்டுப் போகுமுன் பழைய பிரூஸ்டர் சாலையில், இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவில், ஒரு கல்லறை காத்திருக்கிறது. புனித மைக்கேல் தேவாலயத்தை ஒட்டிய கத்தோலிக்கக் கல்லறையில் சிபில் காத்திகேசு அடக்கமாகியிருக்கிறார். யூரேசியத் தாதி. கணவர் தமிழ் மருத்துவர் ஏ. சி. காத்திகேசு. இதே சாலையில் 141-ஆம் எண்ணில் அவர்களுடைய மருந்தகம் இருந்தது. ஜப்பானியர் வந்ததும் குடும்பம் பாப்பான் என்ற சிற்றூருக்கு நகர்ந்தது. அங்கே 74-ஆம் எண் கடைவீட்டில், காட்டுக்குள் இருந்த எதிர்ப்புப் படையினரின் குண்டுக் காயங்களுக்கு இரவோடு இரவாக வைத்தியம் பார்த்தார். வீட்டில் மறைத்துவைத்துச் செய்தி கேட்ட வானொலிக்கு ‘ஜோசபின்’ என்று பெயர். 1943-இல் பிடிபட்டார். ஜப்பானிய இராணுவப் போலீசான கெம்பெய்தாயின் சித்திரவதையில் முதுகெலும்பு உடைந்தது. அப்போதும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போர் முடிந்ததும் சிகிச்சைக்குப் பிரிட்டன் கொண்டு போனார்கள். ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது, உடம்பு தேறவில்லை. 1948 ஜூனில் அங்கேயே இறந்தார். 1949-இல் உடல் ஈப்போ திரும்பியது. இந்த ஊரில் இருந்து புறப்பட்டவர்களின் கதைகளில் வீடு திரும்பிய விதம் இவ்வளவு கனத்ததாக வேறொன்று இல்லை.

பாப்பான் வழியாகவே பத்து காஜாவுக்குப் போகலாம். பத்து காஜாவுக்கும் கோப்பேங்குக்கும் இடையில், ராயா ஆற்றங்கரை மேட்டில் கெல்லி கோட்டை. பெயர்தான் கோட்டை. உண்மையில் அது ஒரு தோட்டத்துரை முடிக்காமல் விட்ட வீடு. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் 1890-இல் இருபது வயதில் மலாயா வந்தார். சாலை வேலையில் காசு சேர்த்து, காடழித்து, கிந்தா கெல்லாஸ் ரப்பர் தோட்டத்தை உருவாக்கினார். 1915-இல் இந்த மாளிகையைத் தொடங்கினார். ஆறு மாடிக் கோபுரம், அதில் மலாயாவின் முதல் மின்தூக்கியாக அமையவிருந்த ஒன்று, மேல்தளத்தில் விருந்து, மூரிய வளைவுகள், இந்தியாவில் இருந்து செங்கல்லும் பளிங்கும். கட்ட வந்த கொத்தர்களும் மதராசில் இருந்தே வந்தார்கள், சுமார் 70 பேர்.

முதல் உலகப் போரின் கடைசியில் உலகையே வாரிய ஸ்பானியக் காய்ச்சல் இந்த வேலைத்தளத்துக்கும் வந்தது. ஆட்கள் மடிந்தார்கள். மிஞ்சியவர்கள் துரையிடம் கேட்டது மருந்தல்ல, மாரியம்மனுக்கு ஒரு கோயில். ஸ்மித் இசைந்தார். கோட்டையில் இருந்து கூப்பிடு தூரத்துக்குச் சற்று அப்பால் அந்தக் கோயில் இன்றும் நிற்கிறது. அதன் மேற்கூரைச் சிற்பங்களை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும். தெய்வங்களின் வரிசையில் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, தலையில் தொப்பியோடு ஒரு மனிதர் நிற்கிறார். துரைதான். கும்பிடவும் இல்லை, அருள்பாலிக்கவும் இல்லை. பெரட்டுக்களத்தில் ஆள் எண்ண வந்தவர்போல் நேராக நிற்கிறார். அம்மன் கோயில் கூரையில் துரைக்கு இடம் கொடுத்தது நன்றியா, கணக்கா என்று கேட்டால் இரண்டும்தான் என்று சொல்லத் தோன்றும். கோட்டைக்கும் கோயிலுக்கும் இடையே சுரங்கப்பாதை உண்டு என்பது ஊரார் பேச்சு.

1926-இல் ஐரோப்பா போன ஸ்மித் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். மனைவி தோட்டத்தை ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்பீல்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு ஸ்காட்லாந்து திரும்பினார். மின்தூக்கிக் குழி மட்டும் ஆறு மாடிக்கும் திறந்தபடி இருக்கிறது. பேய் இருக்கிறது என்று சொல்லிக் கூட்டம் சேர்க்கிறார்கள். அதைவிடச் சுவரில் கலவை பூசாத இடங்களைப் பார்ப்பது பயன். செங்கல் வரிசைகள் இவ்வளவு நேராக ஓடுவதற்குப் பின்னால் பெயர் தெரியாத அந்த 70 பேர் இருக்கிறார்கள்.

தஞ்சோங் துவாலாங்கில் ஓய்வெடுக்கும் ஈயக் கப்பல் இங்கிருந்து இன்னும் தென்மேற்கே. 1938-இல் செய்த 4,500 டன் மிதவை எந்திரம். கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது, இரவு விமானம் உள்ள நாளில் மட்டும் வேண்டாம். அங்கே போனால் பீடோர் தப்பிவிடும்.

கோப்பேங்கில் ஏறுவது கூட்டரசு நெடுஞ்சாலை 1. மலேசியத் தமிழர் வாயில் ‘பழைய ரோடு’. 1994-இல் விரைவுச்சாலை முழுதாகத் திறக்கும்வரை வடக்கும் தெற்கும் ஓடியது இதில்தான். வலப்புறம் சமவெளியில் வெயில் பட்டு மின்னும் குட்டைகள் இயற்கையான ஏரிகள் அல்ல, ஈயம் தோண்டி விட்ட பள்ளங்கள். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நொடித்து விலை சரிந்ததும் கிந்தாவின் லம்பங்கள் எனும் ஈயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. கம்பாரில் சாலையை நெருக்கும் மலைமுகட்டில் 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை பிரிட்டிஷ், இந்தியப் படைகள் ஜப்பானியரைத் தடுத்து நிறுத்தின. மலாயாப் போரில் ஜப்பானியர் கடுமையாக அடிவாங்கிய இடங்களில் இது ஒன்று. ஐந்தே நாளில் தெற்கே சிலிம் ரிவரில் எல்லாம் கைவிட்டுப் போயிற்று.

தாப்பா தாண்டினால் தோட்ட நாடு. இப்போது இருபுறமும் செம்பனை. ரப்பர் இருந்த காலத்தில் விடியுமுன் பெரட்டு, தலையில் விளக்கு, கையில் உளி, மரத்துக்கு ஒரு மங்கு. பத்து மணிக்கெல்லாம் பால் எடுத்து ஸ்டோருக்குப் போய்விட வேண்டும், மழை வந்தால் அன்றைய கூலி போயிற்று. ஆள் சேர்த்தது கங்காணி. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிவுக்கு வந்தபின் கங்காணி முறை 1938 வரை ஓடியது. அந்த ஆண்டு இந்திய அரசு ஆள் அனுப்புவதற்குத் தடை போட்டது. ஜப்பானியர் காலத்தில் இந்த லயங்களில் இருந்து சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போனவர்கள் பல்லாயிரம். திரும்பியவர்கள் குறைவு.

போருக்குப் பின் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, லயத்தில் இருந்தவர்கள் தெருவில் நிற்கும் நிலை வந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் வி. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதன் காரணம் அதுவே. மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்து, தொழிலாளர்களே தோட்டத்தை வாங்க வேண்டும் என்பது திட்டம். அவர் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி பீடோரில் இருக்கிறது. பீடோர் தகான் தோட்டப் பள்ளியின் பெயரில் தோட்டம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேராக்கில் தோட்டங்கள் கைமாறின, மரம் மாறியது, வேலை செய்ய வங்காளதேசத்தில் இருந்தும் இந்தோனேசியாவில் இருந்தும் ஆள் வந்தார்கள். சாலையோரச் செம்பனை வரிசைக்குள் திடீரென்று ஒரு காளியம்மன் கோபுரம் தலை நீட்டினால், அங்கே ஒரு லயம் இருந்தது என்று பொருள்.

பீடோர் சிறிய ஊர். நெடுஞ்சாலையில் ஒரு வளைவு, இருபுறமும் கடைவீடுகள், மேற்கே தெலுக் இந்தானுக்குப் பிரியும் சடக்கு, கிழக்கே செமாய் பழங்குடி மக்கள் வாழும் மலை. வடக்கே போகிறவர்களும் தெற்கே போகிறவர்களும் இறங்கிச் சாப்பிட்டே வளர்ந்த ஊர் இது. விரைவுச்சாலை வந்தபின் வழியோரம் இருந்த எத்தனையோ ஊர்கள் வெறிச்சோடின. பீடோர் தப்பியதற்குக் காரணம் வயிறு. மூலிகைச் சாற்றில் வேகவைத்த வாத்துக்காலோடு வரும் நூடுல்சுக்காக மக்கள் சுங்கக் கட்டணம் கொடுத்து வெளியே வருகிறார்கள். புன் சுன் உணவகம் அதற்குப் பெயர்போனது. அங்கேயே விற்கும் கோழி பிஸ்கட்டில் கோழி கிடையாது. புளிக்கவைத்த சோயாக் கட்டி, பூண்டு, எள் சேர்ந்த உப்பும் இனிப்புமான மெல்லிய தட்டை. பழைய பக்குவத்தில் பன்றிக் கொழுப்பு சேரும், ஆகவே ஊருக்கு வாங்கிப்போகிறவர்கள் யாருக்கென்று யோசித்து வாங்க வேண்டும். வாத்து ஒத்துவராதவர்களுக்கு ரொட்டி சானாயும் வாழையிலைச் சோறும் இருக்கவே இருக்கின்றன.

சாலையோர ஒட்டுக்கடைகளில் தொங்குவது பெத்தாய் என்னும் காட்டு அவரைக் கொத்து, குவிந்திருப்பது கொய்யா. பெத்தாயை மலையில் இருந்து செமாய் மக்கள் இறக்கி வருகிறார்கள். அதன் மணம் ஒரு நாள் முழுக்கப் பெட்டியில் இருக்கும், விமானத்துக்கு ஆகாது. கொய்யா அப்படியல்ல. தமிழ்நாட்டுக் கொய்யாபோல் கனிந்து குழையாது. உள்ளங்கை நிறையும் அளவில் பச்சையாக, விதை அதிகமில்லாமல், கடித்தால் நொறுங்கும். கடைக்காரர் நாலாக வகுந்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, செந்நிறமான ஆசாம் போய் (உலர்ந்த புளிப்புப் பிளம்) தூளைத் தூவிக் குலுக்கி, மூங்கில் குச்சி ஒன்றைக் குத்திக் கொடுப்பார். புளிப்பும் உப்பும் இனிப்பும் ஒன்றாக நாக்கில் ஏறும். மிளகாய்ப்பொடி, உப்போடு கொய்யா தின்று வளர்ந்தவர்களுக்கு அது புதிதல்ல, ஆனால் பழக்கமானதும் அல்ல.

விமானம் வருவதற்கு முன் இந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஊருக்குப் போனது கப்பலில். ரயிலேறிப் பினாங்கு, அங்கிருந்து ரஜூலா. நாள்கணக்கில் கடல், பிறகு நாகப்பட்டினமோ மதராசோ. 1970களில் ரஜூலா நின்று ‘சிதம்பரம்’ வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பற்றியதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் முடிந்தது. இன்று சிப்பாங்கில் இருந்து திருச்சி நான்கு மணி நேரத்துக்குள். அன்றைய பயணிகளின் தகரப் பெட்டியில் கோடாலித் தைலமும் பிஸ்கட் டின்னும் போர்வையும் போயின. இப்போதைய பெட்டியில் வெள்ளைக் காப்பிப் பொட்டலமும் கச்சாங் பூத்தேயும் போகின்றன, கோடாலித் தைலம் மட்டும் மாறவில்லை.

பீடோரில் விரைவுச்சாலையில் ஏறினால் சிப்பாங் சுமார் 200 கிலோமீட்டர். வார நாளில் இரண்டரை மணி நேரம் போதும். ஞாயிறு பிற்பகலிலும் பள்ளி விடுமுறை முடியும் நாளிலும் சுங்கையில் இருந்து தஞ்சோங் மாலிம் வரை வண்டிகள் ஊரும். அன்றைக்கு மூன்று மணிக்கே கிளம்பிவிட வேண்டும், வாத்து நூடுல்சைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டாவது.